காயிலோவர்: இறக்கிய பிறகு எத்தனை மில்லிமீட்டர் மிச்சம்?

காயிலோவர் என்பது காரின் உயரத்தை மாற்றிக்கொள்ள வழியுள்ள ஷாக் அப்சார்பர், ஸ்பிரிங் கிட். அதை வாங்கப் போகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, காரை எவ்வளவு இறக்கலாம் என்பது. பெரும்பாலும் கடைசிக் கேள்வியும் அதுதான். இறக்கிய பிறகு சக்கரம் மேலே ஏற, ஷாக்கின் தண்டு உள்ளே ஓட எத்தனை மில்லிமீட்டர் மிச்சம் இருக்கும் என்று கேட்பவர்கள் குறைவு. காயிலோவர் வேலையின் நல்லதும் கெட்டதும் அந்த மிச்சத்தில்தான் இருக்கிறது. வீல் ஆர்ச்சுக்கும் டயருக்கும் இடையில் எத்தனை விரல் நுழைகிறது என்பது போட்டோவுக்கு உதவும், அவ்வளவுதான்.

கணக்குக்கு ஒரு வண்டி வேண்டும். 2018-ல் இந்தியாவில் வந்த மூன்றாம் தலைமுறை மாருதி ஸ்விஃப்ட்டை எடுத்துக்கொள்வோம். முன்னால் மெக்ஃபெர்சன் ஸ்ட்ரட் (ஷாக்கும் ஸ்பிரிங்கும் ஒரே தூணாகச் சேர்ந்தது), பின்னால் டார்ஷன் பீம் (இரு பின்சக்கரங்களையும் இணைக்கும் இரும்பு உத்தரம்). நம் ஊரில் ஓடும் பாதி ஹேட்ச்பேக்குகளுக்கு இதே அமைப்பு என்பதால் இங்கே சொல்வது மற்ற வண்டிகளுக்கும் பொருந்தும். வீல்பேஸ் 2450 மி.மீ., கிரவுண்ட் கிளியரன்ஸ் 163 மி.மீ. டிரைவரோடு சேர்த்து வண்டி 950 கிலோ, அதில் 60 சதவீதம் முன்னால் என்று வைத்தால் முன் சக்கரம் ஒவ்வொன்றின் மேலும் 285 கிலோ. சக்கரம், பிரேக், நக்கிள் (சக்கரத்தைத் தாங்கும் உலோகத் துண்டு) எல்லாம் ஸ்பிரிங்குக்குக் கீழே இருப்பவை. அவற்றுக்கு 35 கிலோ கழித்தால், ஒரு முன் ஸ்பிரிங் தாங்குவது 250 கிலோ. பின்னால் சக்கரத்துக்கு 190 கிலோ; அதில் 25 கழித்தால் பக்கத்துக்கு 165 கிலோ.

காயிலோவரின் ஸ்பிரிங் பலத்தை மி.மீ.க்கு இத்தனை கிலோ என்று எழுதியிருப்பார்கள். 5 கிலோ ஸ்பிரிங் என்றால் 5 கிலோ பாரத்துக்கு 1 மி.மீ. அமுங்கும். அப்படியானால் 250 கிலோவுக்கு 50 மி.மீ. இந்த அமுக்கத்திலிருந்து வண்டி நொடிக்கு எத்தனை முறை துள்ளப் பார்க்கும் என்பதையும் சொல்லிவிடலாம். 15.8-ஐ, அமுங்கிய மில்லிமீட்டரின் வர்க்கமூலத்தால் வகுத்தால் போதும். 50 மி.மீ. என்றால் 2.2 ஹெர்ட்ஸ். கம்பெனி ஸ்பிரிங்கோடு வரும் சாதாரணக் கார்கள் 1 முதல் 1.5 ஹெர்ட்ஸுக்குள் இருக்கும். 2-ஐத் தாண்டினால் ரோட்டில் கிடக்கும் கேபிள்கூட உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியும். தினமும் ஆபீஸுக்கு ஓட்டும் வண்டிக்கு முன்னால் 4 கிலோவுக்கு மேல் போகாதீர்கள் என்பது என் கருத்து. அதுவே 2 ஹெர்ட்ஸ் வந்துவிடுகிறது.

பின்பக்கக் கணக்குதான் பலரைக் குழப்பும். டார்ஷன் பீமில் ஸ்பிரிங் சக்கரத்துக்கு நேர் மேலே இருக்காது. சற்று முன்னால் தள்ளி, பீமின் மேல் இருக்கும். சக்கரம் 10 மி.மீ. ஏறினால் ஸ்பிரிங் 7 மி.மீ. மட்டும் அமுங்குகிறது என்று வையுங்கள். அப்போது சக்கரத்தில் கிடைக்கும் பலம், ஸ்பிரிங் பலத்தை 0.7-ஆல் இரண்டு தடவை பெருக்கிய அளவு, கிட்டத்தட்ட பாதி. பெட்டியில் முன் 4, பின் 6 என்று போட்டிருப்பதைப் பார்த்து ‘பின்னால் கல்லு மாதிரி இருக்குமே’ என்று பயப்பட வேண்டாம். அந்த 6 கிலோ சக்கரத்தில் 3 கிலோகூட இல்லை. 165 கிலோவுக்கு 56 மி.மீ. அமுங்கும், 2.1 ஹெர்ட்ஸ். முன்பக்கத்தை விடக் கொஞ்சம் அதிகம். அப்படித்தான் இருக்க வேண்டும். ரோல்ஸ் ராய்ஸிலிருந்து 1930-ல் அமெரிக்காவின் கேடிலாக்குக்குப் போன மோரிஸ் ஆலி என்ற பொறியாளர் கண்டு சொன்னது இது. மேட்டில் முதலில் ஏறுவது முன்சக்கரம். பின்னால் வருவது சற்று வேகமாகத் துள்ளினால் முன்பக்கத்தை எட்டிப் பிடித்துவிடும், வண்டி படகு போல முன்னும் பின்னும் ஆடாது. முன் 5, பின் 4 என்ற கிட்டைப் போட்டால் முன்னால் 2.2, பின்னால் 1.7. தலைகீழ்.

இனி மிச்சத்துக்கு வருவோம். காயிலோவரில் இரண்டு ரகம். ஒன்றில் ஷாக் உடம்பின் மேல் வெட்டிய மரையில் ஸ்பிரிங்கைத் தாங்கும் காலர் மட்டும் ஏறி இறங்கும். மற்றதில் நக்கிளோடு சேரும் கீழ் பிராக்கெட்டும் தனியாக மரையில் சுழலும். முதல் ரகத்தில் காலரை 20 மி.மீ. இறக்கினால் வண்டி 20 மி.மீ. இறங்கும். ஆனால் தண்டும் 20 மி.மீ. உள்ளே போய் உட்கார்ந்துவிடும், சக்கரம் மேலே ஏற இருந்த இடத்தில் அத்தனை போச்சு. இரண்டாவது ரகத்தில் ஸ்பிரிங்கைத் தொடாமல் முழு உடம்பையும் பிராக்கெட்டுக்குள் இறக்குகிறோம். ஷாக்கின் ஓட்டம் குறையாது. காசு கொஞ்சம் கூடினாலும் இரண்டாவதையே வாங்குங்கள்.

காலரை ஏற்றி ஸ்பிரிங்கை முன்கூட்டியே அமுக்கி வைப்பதற்கு பிரீலோட் என்று பெயர். பிரீலோட் ஏற்றினால் ஸ்பிரிங் கடினமாகும் என்று சொல்லாத மெக்கானிக் அபூர்வம். ஒரே சீராகச் சுற்றிய ஸ்பிரிங்கில் அது உண்மையில்லை. 5 கிலோ ஸ்பிரிங் எவ்வளவு அமுக்கினாலும் 5 கிலோதான். மாறுவது வேறு ஒன்று. 5 மி.மீ. பிரீலோட் வைத்தால் 25 கிலோ ஏற்கெனவே ஸ்பிரிங்குக்குள் இருக்கிறது. வண்டியின் 250 கிலோ மேலே வரும்போது தண்டு 50-க்குப் பதில் 45 மி.மீ. மட்டும் உள்ளே போகும். சக்கரம் பள்ளத்தில் கீழே இறங்க இருக்கும் இடம் இந்த 45 தான். ஷாக்கின் மொத்த ஓட்டம் 120 மி.மீ. என்றால் மேலே போக மிச்சம் 75. அதில் பம்ப் ஸ்டாப்பர் (ஓட்டத்தின் கடைசியில் அடியைத் தாங்க தண்டில் இருக்கும் மெத்தை) 40 மி.மீ. உயரம் என்றால் தண்டு தடையில்லாமல் ஓடுவது 35 மி.மீ. மட்டுமே. இதைத் தெரிந்துகொண்டு சிலர் பம்ப் ஸ்டாப்பரைக் கத்தியால் பாதியாக நறுக்கிப் போடுவார்கள். அதைச் செய்யவே செய்யாதீர்கள். பம்ப் ஸ்டாப்பர் கடைசி நேரத்து இரண்டாவது ஸ்பிரிங். அது இல்லாவிட்டால் இரும்பில் இரும்பு மோதி, முதலில் ஷாக்கின் உள் வால்வு போகும், பிறகு ஸ்ட்ரட்டின் தலையை வண்டி உடம்போடு சேர்க்கும் டாப் மவுண்ட். வேண்டுமானால் நல்ல ஃபோமில் வரும் குட்டையான ஸ்டாப்பரை வாங்கிப் போடலாம்.

தொழிற்சாலை ஸ்பிரிங்கை கிரைண்டரால் ஒரு சுற்று வெட்டி இறக்கும் வேலையை இந்தக் கட்டுரை கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

சரி, ஸ்பீடு பிரேக்கர்? இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸின் 1988 வழிகாட்டி நெறி சொன்ன மேடு 3.7 மீட்டர் அகலம், 10 செ.மீ. உயரம், 17 மீட்டர் ஆர வளைவு. ஸ்விஃப்ட்டின் முன்சக்கரமும் பின்சக்கரமும் அதன் இரு பக்கமும் சமமாக நிற்கும்போது, சக்கரங்களே தரையிலிருந்து 56 மி.மீ. மேலே இருக்கின்றன. அதனால் வயிற்றுக்குக் கீழே மேடு எட்டிப் பார்ப்பது 44 மி.மீ. மட்டுமே. 30 மி.மீ. இறக்கி 133 மி.மீ. கிளியரன்ஸில் நிற்கும் வண்டிகூட, ஸ்பிரிங் கொஞ்சம் அமுங்கினாலும் தட்டாமல் போய்விடும். தட்டுவதெல்லாம் தெருக்காரர்கள் ராத்திரியோடு ராத்திரியாகப் போட்ட ஒரு அடி அகல தார்க் குவியலில்தான். அதற்கு எந்தக் கிட்டும் பதில் சொல்லாது. என் கணக்கில் 25 முதல் 30 மி.மீ. வரைதான் நம் சாலைக்கு.

அதற்கு மேல் இறக்காமல் இருக்க இன்னொரு காரணமும் உண்டு. மெக்ஃபெர்சனில் லோயர் ஆர்ம் (வண்டியின் அடியிலிருந்து நக்கிளுக்குப் போகும் கை) வெளிப்பக்கம் கொஞ்சம் கீழே சாய்ந்தோ கிடையாகவோ இருக்கும்போது நன்றாக வேலை செய்யும். வண்டியை இறக்க இறக்க அதன் வெளிமுனை மேல்நோக்கித் திரும்புகிறது. அப்போது வண்டி சாயும் அச்சான ரோல் சென்டர், வண்டியின் எடை மையத்தை விட வேகமாகக் கீழே போய்விடுகிறது. இரண்டுக்கும் இடையில் தூரம் கூடுவதால், வளைவில் சாய்க்கும் நெம்புகோல் நீளமாகிறது. ஆக, கடினமான ஸ்பிரிங்குக்குக் கொடுத்த காசில் ஒரு பங்கு நாமே உண்டாக்கிய சாய்வைத் தடுக்கவே செலவாகிறது.

மாட்டும் வேலை

பெட்டியைத் திறந்ததும் பழைய ஸ்ட்ரட்டின் பக்கத்தில் புதியதை வைத்துப் பாருங்கள். நக்கிள் போல்ட் துளை இரண்டுக்கும் இடைவெளி, துளையின் விட்டம், லிங்க் ராட் (வண்டி சாய்வதைக் குறைக்கும் பாரை ஸ்ட்ரட்டோடு இணைக்கும் கம்பி) மாட்டும் காது, பிரேக் ஹோஸ் கிளிப், ஏபிஎஸ் ஒயர் கிளிப் ஐந்தும் ஒத்துப்போக வேண்டும். வெளிநாட்டில் விற்ற ஸ்விஃப்ட் ஸ்போர்ட்டுக்கான கிட்டை ‘எல்லாம் ஒண்ணுதான்’ என்று தலையில் கட்டுவார்கள். அளந்து பார்க்காமல் நம்ப வேண்டாம்.

கழற்றுவதற்கு முன், சமதரையில் வண்டியை நிறுத்தி நான்கு சக்கரத்துக்கும் வீல் நடுவிலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். தரையிலிருந்து அளந்தால் டயர் காற்று மாறும்போது கணக்கு மாறும். முந்தின நாளே நக்கிள் போல்ட்டுகளிலும் பின் ஷாக் போல்ட்டிலும் துரு நீக்கும் ஆயில் அடித்து வைப்பது நல்லது. கடற்கரை ஊர் வண்டி என்றால் இரண்டு நாள் முன்பே.

ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தாமல் கீழே கை வைக்கக் கூடாது. சக்கரத்தைக் கழற்றியதும் முதலில் ஹோஸ், ஏபிஎஸ் ஒயரை ஸ்ட்ரட்டிலிருந்து விடுவிக்க வேண்டும். பிறகு லிங்க் ராட் நட். பல வண்டிகளில் நட்டைத் திருப்பினால் பால் ஜாயிண்ட்டும் கூடவே சுற்றும்; அதன் நுனியில் எலன் கீ போட்டுப் பிடித்துக்கொண்டு ஸ்பானரால் கழற்ற வேண்டும். இங்கே ஏர் கன் போட்டால் ஜாயிண்ட்டின் ரப்பர் முறுக்கிக் கிழிந்துவிடும். அடுத்து, நக்கிளும் ஸ்ட்ரட்டும் சேரும் இடத்தில் பெயிண்ட் மார்க்கரால் ஒரு கோடு. பழைய கேம்பர் (முன்னாலிருந்து பார்க்கும்போது சக்கரம் உள்ளேயோ வெளியேயோ சாயும் கோணம்) எங்கே இருந்தது என்பதற்கு அந்தக் கோடுதான் சாட்சி.

நக்கிள் போல்ட் இரண்டையும் எடுத்ததும் நக்கிள் வெளியே கவிழும். அப்படிக் கவிழ விட்டால் டிரைவ் ஷாஃப்ட்டின் உள் ஜாயிண்ட் இழுபட்டுக் கழன்றுவிடும், ஹோஸும் இழுபடும். கம்பி ஒன்றால் நக்கிளைக் கட்டி வைத்துவிட்டு மேலே டாப் மவுண்ட் நட்டுக்குப் போகலாம். கடைசி நட்டைக் கழற்றும்போது ஒரு கை ஸ்ட்ரட்டைத் தாங்க வேண்டும். டாப் மவுண்ட்டின் நடுவில் இருக்கும் தண்டு நட்டை மட்டும் வண்டியில் இருக்கும்போது தொடாதீர்கள். அதற்குக் கீழே ஸ்பிரிங் அமுங்கி நிற்கிறது.

கிட்டோடு டாப் மவுண்ட் வராவிட்டால் பழையதை எடுத்துப் போட வேண்டியிருக்கும். ஸ்பிரிங் கம்ப்ரஸரின் இரண்டு கொக்கிகளையும் நேரெதிரே மாட்டி, ஒரு பக்கம் அரைச்சுற்று, மறுபக்கம் அரைச்சுற்று என்று மாற்றி மாற்றி இறுக்க வேண்டும். ஸ்பிரிங் சீட்டில் தளர்ந்து ஆடும் வரை நட்டைத் தொடக் கூடாது. வேலை நடக்கும்போது ஸ்பிரிங்குக்கு நேரே முகத்தை வைக்காதீர்கள். டாப் மவுண்ட்டுக்குக் கீழே இருக்கும் பேரிங்கைக் கையால் சுற்றிப் பார்த்து, கரகரத்தால் புதிது வாங்கிவிடுங்கள். கழற்றும் கூலியே பேரிங் விலையை விட அதிகம்.

புதியதைக் கோர்க்கும்போது தண்டில் முதலில் பம்ப் ஸ்டாப்பர், டஸ்ட் கவர், பிறகு ஸ்பிரிங், மேல் சீட், பேரிங், டாப் மவுண்ட். ஸ்டாப்பருக்குக் கீழே, தண்டில் ஒரு சிறிய ஜிப் டை கட்டி ஷாக் உடம்பு வரை கீழே தள்ளி வையுங்கள். அது எதற்கு என்பது பிறகு. நடு நட்டை ஏர் கன்னால் இறுக்கினால் தண்டு உள்ளே சேர்ந்து சுற்றும். பிஸ்டன் நட் தளரலாம், டேம்பிங்கை, அதாவது துள்ளலை ஷாக் அடக்கும் பலத்தை மாற்றும் அட்ஜஸ்டர் ஊசி வளையலாம். தண்டை எலன் கீயால் பிடித்து, கையால், டார்க் ரெஞ்சில் மேனுவல் சொல்லும் அளவுக்கு. மேனுவல் அளவு இல்லாமல் எந்த போல்ட்டையும் ‘கை பழக்கத்தில்’ முடிக்காதீர்கள், நக்கிள் போல்ட்டை மட்டுமாவது.

இரண்டு பக்கமும் மரை எத்தனை மி.மீ. வெளியே தெரிகிறது என்று அளந்து சமமாக வைப்பது தொடக்கப் புள்ளி. பிராக்கெட்டுக்குள் உடம்பு எவ்வளவு குறைந்தபட்சம் நுழைந்திருக்க வேண்டும் என்று கிட் பேப்பரில் போட்டிருக்கும். வண்டியை ஏற்ற ஆசைப்பட்டு அதற்கு மேல் வெளியே இழுத்தால், சக்கரத்தின் முழு வளைவு விசையும் மூன்று நான்கு மரையில் தொங்கும். மாட்டிய பின் காலருக்கும் டயரின் உள் சுவருக்கும் 5 மி.மீ. இடைவெளியாவது வேண்டும். ஸ்டியரிங்கை இரு முனைக்கும் திருப்பி ஹோஸ் எங்கும் உரசவில்லை என்று பாருங்கள்.

பின்பக்கம் சுலபம். பீமை ஜாக்கியில் தாங்கி, ஷாக்கின் கீழ் போல்ட்டை எடுத்து, பீமை மெல்ல இறக்கினால் ஸ்பிரிங் தானே கையில் வரும். ஹோஸும் ஹேண்ட் பிரேக் கேபிளும் இழுபடுகிறதா என்று பார்த்துக்கொண்டே இறக்க வேண்டும். புதிய ஸ்பிரிங்கைப் போட்டு, சக்கரம் முழுதாகத் தொங்கும் நிலையில் கையால் ஆட்டிப் பாருங்கள். ஸ்பிரிங் சுற்றினால், துள்ளி இடம் மாறும் அபாயம் உண்டு. காலரை ஏற்ற வேண்டும், அல்லது ஷாக் நீளம் தவறு. உயரத்தை மாற்றும்போது 0.7 கணக்கை மறக்க வேண்டாம்: காலரில் 10 மி.மீ. என்றால் வண்டியில் 14.

பலர் கோட்டைவிடும் இடம் ரப்பர் புஷ். பின் ஷாக்கின் கீழ் போல்ட், லோயர் ஆர்ம் போல்ட் இவற்றைச் சக்கரம் தொங்கும்போதே இறுக்கினால் ரப்பர் அந்த நிலையிலேயே பிடித்துக்கொள்ளும். வண்டி கீழே இறங்கியதும் அது எந்நேரமும் முறுக்கிக்கொண்டே இருக்கும், உயரத்தையும் சரியாகக் காட்டாது, சில மாதத்தில் கிழியும். சக்கரத்தைப் பலகை மேல் இறக்கி, வண்டி தன் எடையில் நிற்கும்போது இறுக்க வேண்டும். முன்பக்கம் 30 மி.மீ. இறக்கியிருந்தால், ஆர்ம் போல்ட்டை நீங்கள் தொடவே இல்லை என்றாலும் ஒருமுறை தளர்த்தி இந்த நிலையில் திரும்ப இறுக்குங்கள்.

ஓட்டிப் பார்த்து

முதல் 150, 200 கிலோமீட்டருக்குள் ஸ்பிரிங் படிந்து சில மி.மீ. இறங்கும். அதற்குப் பிறகுதான் உயரத்தைத் திருத்த வேண்டும். காலரை ஒரு சுற்றுச் சுற்றினால் எத்தனை மி.மீ. என்று முதலில் அளந்துகொள்ளுங்கள். பல கிட்டுகளில் 2 மி.மீ. வரும். லாக் ரிங்கை ஹூக் ஸ்பானரால் அழுத்தமாக இறுக்கினால் போதும். சுத்தியலால் தட்டினால் அலுமினிய மரை நசுங்கி அடுத்த முறை கழலாது.

இப்போது அந்த ஜிப் டை. மோசமான சாலை ஒன்றில் வழக்கமான வேகத்தில், வழக்கமான ஆட்களோடு ஓட்டிவிட்டு வந்து டஸ்ட் கவரைத் தூக்கிப் பாருங்கள். தண்டு உள்ளே போன தூரத்தை டை காட்டும். ஸ்டாப்பரை முத்தமிட்டு நின்றால் சரி. ஸ்டாப்பரையே பாதி அமுக்கியிருந்தால் வண்டியை ஏற்றுங்கள், அல்லது கடினமான ஸ்பிரிங். தண்டு உடம்புக்குள் தலைகீழாக இருக்கும் ரகத்தில் இந்த வித்தை நடக்காது.

டேம்பிங் குமிழைக் கடிகாரத் திசையில் முழுதாக, மெதுவாக, நிற்கும் வரை திருப்பினால் அது முழுக் கடினம். அங்கிருந்து பின்னால் கிளிக் எண்ணுவதுதான் நம்பத் தகுந்த முறை. டெய்ன் ஃப்ளெக்ஸ் இசட் கிட்டில் 16 நிலை, பிசி ரேசிங் பிஆர் கிட்டில் 30. எதுவானாலும் நடுவில் தொடங்கி, ஒரே சாலையில், ஒரே வேகத்தில், ஒரு தடவைக்கு இரண்டு மூன்று கிளிக் மட்டும். முன்னையும் பின்னையும் ஒரே நேரத்தில் மாற்றாதீர்கள். ஒரு குமிழ் மட்டும் உள்ள ஷாக்கில் பெரும்பாலும் மாறுவது ரீபவுண்ட், அதாவது அமுங்கிய ஸ்பிரிங் திரும்பி எழும் வேகம்.

மேடு தாண்டிய பிறகு வண்டி இரண்டு தடவை ஆடினால் டேம்பிங் போதாது. அதிகமானால் அதைக் கண்டுபிடிக்க நெடுஞ்சாலையில் வரிசையாகப் போட்டிருக்கும் வெள்ளைப் பட்டைகளைப் போல நல்ல இடம் கிடையாது. முதல் இரண்டு பட்டையில் மென்மையாக இருந்து, போகப் போக அடி கூடிக்கொண்டே போனால், ஸ்பிரிங் ஒரு பட்டைக்கும் அடுத்ததற்கும் இடையில் எழ நேரம் கிடைக்காமல் அமுங்கிக்கொண்டே போகிறது என்று பொருள். இதைக் கடினமான ஸ்பிரிங் என்று நினைத்து ஸ்பிரிங்கை மாற்றியவர்கள் உண்டு. மூன்று கிளிக் தளர்த்தினால் போதுமானது.

சத்தம் வந்தால் எப்போது வருகிறது என்று கேளுங்கள். நின்ற இடத்தில் ஸ்டியரிங் திருப்பும்போது ‘டொய்ங்’ என்றால் ஸ்பிரிங் சீட்டில் சிக்கித் துள்ளுகிறது. டாப் பேரிங் சுழலவில்லை. மெதுவாகச் சின்னக் குழிகளில் ‘கட கட’ என்றால் முதலில் லிங்க் ராட் நட், பிறகு தண்டு நட், பிறகு லாக் ரிங். ரப்பருக்குப் பதில் உலோகப் பந்து வைத்த பில்லோ பால் மவுண்ட்டில் கொஞ்சம் சத்தம் இருந்தே தீரும். அமைதி வேண்டும் என்றால் ரப்பர் மவுண்ட் வாங்குங்கள்.

வீல் அலைன்மென்ட் உயரம் முடிவான பிறகு ஒரே தடவை போதும். இறக்கியதும் கேம்பரும் மாறும், டோவும் (மேலிருந்து பார்க்கும்போது சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் அளவு) மாறும். டயரின் உள்விளிம்பு தேய்ந்தால் எல்லாரும் கேம்பரைத் திட்டுவார்கள். 1 முதல் 1.5 டிகிரி நெகட்டிவ் கேம்பரால் டயர் அப்படித் தேயாது. குற்றவாளி டோ. இரு சக்கரமும் சேர்ந்து 3 மி.மீ. டோ தப்பினால், 620 மி.மீ. விட்ட டயர் ஒவ்வொன்றும் ஒரு கிலோமீட்டருக்கு 2.4 மீட்டர் பக்கவாட்டில் இழுபடுகிறது. முதலில் கேம்பர், கடைசியில் டோ என்ற வரிசையில் செய்யச் சொல்லுங்கள்; கேம்பரைத் தொட்டால் டோ மாறும். நான்கு பேர் உட்கார்ந்து போகிற வண்டி என்றால், டிரைவர் சீட்டிலாவது உங்கள் எடையை வைத்து அளக்கச் சொல்லுங்கள். முன் ஹெட்லைட்டின் கோணத்தையும் திருத்த வேண்டும்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரம் தயாரிப்பாளர் கொடுத்ததிலிருந்து மாறும்படி வண்டியைத் திருத்தக் கூடாது என்கிறது. 2019-ல் உச்ச நீதிமன்றமும் அதை அழுத்திச் சொன்னது. பழைய ஸ்ட்ரட், ஸ்பிரிங் எல்லாவற்றையும் பழைய போல்ட்டோடு கட்டிப் பரணில் வைத்துக்கொள்ளுங்கள். இன்ஷூரன்ஸ்காரரிடம் மறைப்பதும் புத்திசாலித்தனம் அல்ல.

1,000 கிலோமீட்டரில் எல்லா போல்ட்டையும் திரும்ப டார்க் பாருங்கள். மழைக்காலம் முடிந்ததும் மரையில் அடைந்த சேற்றைப் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, காய்ந்த பிறகு ஆன்ட்டி சீஸ் (மரை ஒட்டாமல் தடுக்கும் பசை) தடவி, காலரை ஒரு சுற்று மேலும் கீழும் சுற்றி அதே இடத்தில் நிறுத்துங்கள். இரும்பு உடம்பில் அலுமினிய காலர் உப்புக்காற்றில் வெல்டு வைத்த மாதிரி ஒட்டிக்கொள்ளும். சென்னை, தூத்துக்குடி வண்டிகளுக்கு இதை ஆறு மாதத்துக்கு ஒரு தடவை.